பள்ளத்தூர் வீட்டுக் குழு: முத்து கார்

(எங்க பக்கம் அப்பச்சின்னா அப்பா, ஆச்சின்னா அக்கா, அண்ணமிண்டின்னா அண்ணன் பொண்டாட்டி)

லெட்சுமணன்: வர்ற புதன்கிழமை நம்ம வீட்டு முன்னோருக்குப் படைப்பு. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு ஜோடிக்கு, 2000, இது வரைக்கும் நாலு புள்ளிதான் போட்டிருக்காக. அப்பத்தாவ மதுரைலேருந்து முத்து கார்ல கூட்டியாந்துருவான், செவ்வா காலைல கெளம்புனா போதும்

முத்து: அண்ணே கார் பட்டறைல நிக்குது

லெட்சுமணன்: என்னாச்சு

முத்து: முன்னாடி சத்தம். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்குனா கடக்குன்னு, சின்னப் பள்ளத்துல எல்லாம் டக டகன்னு. ஸ்டியரிங் வேற எடது பக்கம் இழுக்குது. எஸ்டிமேட் போட்டோ அனுப்புறேன்

தேனப்பன்: வாங்குறப்பவே சொன்னேன்

வள்ளி: போட்டோ கலங்கலா இருக்கு, நான் டைப் பண்றேன். முன் ஷாக் அப்சார்பர் ரெண்டு 4800, மேல மவுண்ட் ரெண்டு 1600, லோயர் ஆர்ம் ரெண்டு 3600, லிங்க் ராட் ரெண்டு 1100, வீல் அலைன்மெண்ட் 600, கூலி 2500. ஆக 14200

மெய்யம்மை: ஆத்தாடி

தேனப்பன்: 1,85,000 குடுத்தப்பவே சொன்னேன்

முத்து: அப்பச்சி அத இப்ப எதுக்கு

சிகப்பி: நாங்க குடுக்குறப்ப எந்தச் சத்தமும் இல்ல. 2012 மாடல்னு சொல்லித்தான் குடுத்தோம். ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் குடுக்கல

முத்து: ஆச்சி நான் ஒண்ணும் சொல்லலையே. ஓட்டிப் பாக்குறப்ப அழகு அத்தான் பாட்டு ஃபுல் வால்யூம்ல வச்சிருந்தாக, அதத்தான் நெனச்சேன்

தேனப்பன்: 😂

சிகப்பி: அவருக்குப் பாட்டுப் பிடிக்கும்

சொக்கலிங்கம்: முத்து நல்லாக் கேட்டுக்க. மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தவன் சொல்றேன், 14200 ஐயும் ஒரே மூச்சுல தூக்கிக் குடுத்துறாத, மொதல்ல எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு பிரிச்சுப் பாக்கணும். சின்னச் சின்னப் பள்ளத்துல மெதுவாப் போறப்ப டக டகன்னா பெரும்பாலும் லிங்க் ராட், அது சல்லிசு. பெருசா ஏறி எறங்குறப்ப கடக்குன்னு ஒண்ணு விழுந்தா லோயர் ஆர்ம்ல இருக்க ரப்பர் புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ. வண்டி நின்னுக்கிட்டு இருக்கப்ப ஸ்டியரிங்க முழுசாத் திருப்புனா டொங்குன்னு ஸ்பிரிங் சுத்துற மாதிரி கேட்டா மேல மவுண்ட் பேரிங். அப்பறம் ஐ10 ல எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், மோட்டார் ஸ்டியரிங் காலம்லயே இருக்கும், அதுக்குள்ள சின்னதா ஒரு ரப்பர் கப்ளிங் உண்டு, அது தேஞ்சாலும் இதே டக் டக் வரும், ஆனா அது கைல தெரியும் கால்ல தெரியாது. கைலயா கால்லயா

முத்து: ரெண்டுலயும்

மெய்யம்மை: அண்ணே சாப்டாச்சா

சொக்கலிங்கம்: ஆச்சு. ஷாக் போயிருச்சான்னு பாக்க பானெட் மூலைல கைய வச்சு ஓங்கி அமுக்கி விடு. மேல வந்து அடங்கிருச்சுன்னா பரவால்ல, ரெண்டு மூணு தடவ ஆடுச்சுன்னா போச்சு. எண்ணெய் கசிஞ்சிருக்கான்னும் பாரு, ஷாக் குழாயில தூசி ஒட்டிக் கருப்பா மெழுகுன மாதிரி இருக்கும்

முத்து: எடது பக்கம் கசியுது. வலது பக்கம் காஞ்சுதான் இருக்கு

சொக்கலிங்கம்: கசிஞ்சா ஜோடியாத்தான் மாத்தணும், ஒத்தப் பக்கம் மட்டும் மாத்தக் கூடாது. ஆனா அவசரமில்ல. பால் ஜாயின்ட் எப்படி

லெட்சுமணன்: அப்பச்சி இது படைப்புக் குழு

வள்ளி: படைப்புக்கு அப்பத்தா வரணும்னா கார் ஓடணுமே

மெய்யம்மை: படைப்புச் சாமான் ரூம் சாவி யாருகிட்ட இருக்கு? போன தடவ நான் தேனப்பன் கைல குடுத்தேன்

தேனப்பன்: லெட்சுமணன்ட்ட குடுத்துட்டேன்

லெட்சுமணன்: எனக்கு ஞாபகம் இல்ல சித்தப்பா

மெய்யம்மை: போன படைப்புல ஒரு வெள்ளிச் செம்பு கொறஞ்சுச்சு. யாரையும் சொல்லல. சாவி பத்திரமா இருந்தா நல்லது

சிகப்பி: அயித்தை அத இன்னும் விடலையா

முத்து: மெக்கானிக் வீடியோ அனுப்பிருக்காரு, போட்டிருக்கேன் பாருங்க. கம்பிய வச்சு நெம்புனா எடது சக்கரம் ஆடுது

சொக்கலிங்கம்: பாத்தேன். அதேதான். முத்து, இந்த வண்டிய மதுரைக்கு எடுக்காத. ஆர்ம் முனைல ஒரு உருண்டை, அது ஒரு குழிக்குள்ள திரும்பும், அதுதான் பால் ஜாயின்ட், சக்கரத்தக் கீழ புடிச்சு வச்சிருக்கிறதே அதுதான். கழண்டுச்சுன்னா சக்கரம் ஒரு பக்கமாச் சாஞ்சு மட்கார்டுல போயி முட்டிக்கும், அதுக்கப்பறம் ஸ்டியரிங் கைல இருந்து பிரயோசனமில்ல. சத்தத்தோட பல மாசம் ஓட்டலாம், இதோட ஓட்டக்கூடாது

மெய்யம்மை: முருகா. அப்பத்தா பக்கத்துல இருக்காக, எதப் படிச்சுக் காட்டுறேன்னு கேக்குறாக

தேனப்பன்: காட்டாத

முத்து: பெரியப்பா நான் ஒண்ணு சொல்லட்டா, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம வீட்டு மராமத்துக்கு ஆத்தங்குடி கல்லு எந்தக் கார்ல போச்சு? டிக்கி நெறைய அடுக்கி, பின் சீட்ட மடக்கி அதுலயும் வச்சு, லெட்சுமண அண்ணன்தான் ஓட்டிட்டுப் போனாக. அந்தக் கல்லு என்ன கனம்னு எல்லாருக்கும் தெரியும். பொது வீட்டுக்கு ஓடுன வண்டி, செலவு மட்டும் என் தனிக் கணக்கா

லெட்சுமணன்: டேய். லாரிக்காரன் காசு கூடக் கேட்டான்னுதான அதுல எடுத்தோம்

தேனப்பன்: நியாயந்தான்

சொக்கலிங்கம்: கல்லு பின்னாடி இருந்துச்சு. பின்னாடி டார்ஷன் பீம்னு குறுக்க ஒரு சட்டம், அங்க ஸ்பிரிங் ஒக்காரும், பின் ஷாக் போகும். முன்னாடி லோயர் ஆர்ம் தேயிறதுக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்ல

முத்து: அப்ப முன்னாடி தேஞ்சது யாரு ஓட்டுனப்ப

வள்ளி: 😶

(கொஞ்ச நேரம் யாரும் எழுதல)

சிகப்பி: அப்பச்சி உங்க மாப்பிள்ளையக் குத்தம் சொல்றதுக்கு நீங்களே எடுத்துக் குடுக்குறீங்களா

சொக்கலிங்கம்: நான் மெக்கானிசம் சொன்னேன்மா. 78000 ஓடுன வண்டி, ரப்பர் யாரு ஓட்டுனாலும் தேயும். எங்க தெருப் பள்ளத்துக்கு மாப்பிள்ளை என்ன பண்ணுவாரு

தேனப்பன்: பேசாம புள்ளி வரில சேத்துருங்க. புள்ளிக்கு 2000 + ஷாக் அப்சார்பர் 500

லெட்சுமணன்: சித்தப்பா இதப் பாத்துட்டு நெசமாவே 2500 போட்ருவாக, கணக்கு எனக்குத்தான் ஒதைக்கும்

அழகு: முத்து 2000 ஜிபே பண்றேன்

அழகு: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

தேனப்பன்: படிச்சிட்டேன்

முத்து: நானும்

சிகப்பி: குடுக்க வேணாம்னு சொல்லல. எல்லாரும் குடுத்தா நாங்களும் குடுப்போம்

மெய்யம்மை: கவுனரிசி ஊறப்போட எத்தன படின்னு அண்ணமிண்டிட்ட கேட்டுச் சொல்லு லெட்சுமணா. கந்தரப்பத்துக்கு ஆள் சொல்லியாச்சா இல்ல நாமளேவா

லெட்சுமணன்: கேட்டுச் சொல்றேன் அயித்தை. முத்து, முடிவா என்ன

சொக்கலிங்கம்: முடிவு நான் சொல்றேன். லோயர் ஆர்ம் ரெண்டு, லிங்க் ராட் ரெண்டு, அலைன்மெண்ட், இது மட்டும் இப்ப. ஷாக்கும் மவுண்ட்டும் படைப்பு முடிஞ்சு ஒண்ணாப் பிரிக்கட்டும், ஸ்பிரிங்கக் கழட்டுற கூலி ஒரே தடவதான் ஆகும். இன்னொண்ணு மெக்கானிக்ட்ட கட்டாயம் சொல்லணும், புது ஆர்ம் மாட்டி வண்டி ஜாக்கில தொங்கறப்பவே புஷ் போல்ட்ட இறுக்கிற கூடாது. எறக்கி, சக்கரம் தரைல பாரம் வாங்குனப்பறம்தான் கடைசி இறுக்கு. இல்லாட்டி ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சுரும். இதப் பல பேரு செய்யிறதில்ல, அப்பறம் டூப்ளிகேட் சாமான்னு பழி

முத்து: கேட்டேன் பெரியப்பா, அது மட்டும்னா 6500 ங்குறாரு. நாளன்னிக்கு சனிக்கிழமை சாயங்காலம் குடுக்குறாராம். இறுக்குறதப் பத்திச் சொன்னேன், எனக்குத் தெரியாதான்னு ஒரு பார்வ பாத்தாரு

சொக்கலிங்கம்: பாக்கட்டும். பக்கத்துலயே நில்லு

வள்ளி: 6500 ல யாரு எவ்வளவு

லெட்சுமணன்: நேர்ல பேசிக்கலாம்

தேனப்பன்: நேர்லன்னா வராது

மெய்யம்மை: அப்பத்தா கேட்டுட்டாக. முன் சீட்டுன்னா வர்றேங்குறாக, பின்னாடி கால மடக்கி ஒக்கார முடியாதாம். அழகு ஓட்டுறதா இருந்தா பஸ்ஸுலயே வந்துர்றேன்னும் சொல்றாக

சிகப்பி: நல்லா இருக்கு

அழகு: 🙏

முத்து: அப்பத்தாவ முன்னாடி வச்சு நானே ஓட்டிட்டு வர்றேன் அயித்தை. வண்டி சரியா இருந்தா. இல்லாட்டி வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிருவோம், லெட்சுமண அண்ணே அது பொதுச் செலவுதான

லெட்சுமணன்: பாப்போம்

மெய்யம்மை: சாவி

லெட்சுமணன்: பீரோவுல தேடிட்டு இருக்கேன் அயித்தை

தேனப்பன்: முத்து, சனிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தா அலைன்மெண்ட் எங்க பண்ணுவ? அந்தக் கடை ஞாயித்துக்கிழமை லீவு

முத்து: திங்கக்கிழமை காலைல மொத ஆளாப் போயி நிக்கணும் அப்பச்சி

தேனப்பன்: திங்கக்கிழமை நீ எல சாமான் வாங்கப் போகணுமே

வள்ளி: நான் எடுத்துட்டுப் போறேன்

சொக்கலிங்கம்: வள்ளி, டயர் காத்த மொதல்ல சரி பாத்துட்டு அப்பறம் அலைன்மெண்ட் போடச் சொல்லு