சரவணம்பட்டி பக்கம் மனைகள் உண்மையில் விற்ற விலையை எப்படித் தெரிந்துகொள்வது?

மனைதேடி: வணக்கம். கோவை சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் முதலீட்டுக்கு மனை பார்க்கிறேன். விளம்பரத் தளங்களில் இருப்பதெல்லாம் கேட்கிற விலைதான். ஒரே மனையை மூன்று தரகர்கள் மூன்று விலைக்குப் போடுகிறார்கள், விற்ற பிறகும் விளம்பரம் அப்படியே கிடக்கிறது. அமெரிக்காவில் முகவர்கள் விற்பனை விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் எம்எல்எஸ் பட்டியல் போல இங்கே ஏதாவது உண்டா? பதிவுத்துறைத் தளத்தில் 145/2ஏ என்ற புல எண்ணுக்கு (சர்வே எண்) ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டால் ஒன்றுமே வரவில்லை.

பத்திரக்கட்டு: எம்எல்எஸ் போல இங்கே எதுவும் இல்லை சார். விற்ற விலைக்கு ஈசிதான் வழி, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். உங்களுக்கு வராததற்குக் காரணம் அநேகமாக உட்பிரிவு. மனை போட்டு விற்றபோது பத்திரத்தில் 145/2 என்றே எழுதியிருப்பார்கள், 2ஏ என்பது பட்டா மாறும்போது வந்தது. அதனால் 145/2, 145/2ஏ இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்ததா என்றும் பாருங்கள்.

மனைதேடி: நன்றிங்க, 145/2 போட்டதும் வந்துவிட்டது! ஆனால் அதில் கைமாற்றுத் தொகை என்று போட்டிருக்கும் விற்பனைத் தொகை எல்லாமே தரகர் சொல்வதில் பாதிகூட இல்லையே?

பத்திரக்கட்டு: பலர் வழிகாட்டி மதிப்புக்கே, அதாவது பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்புக்கே, பதிவு செய்திருப்பார்கள். சதுர அடிக்கு வகுத்துப் பாருங்கள், வழிகாட்டி மதிப்போடு அச்சாகப் பொருந்தினால் அது சந்தை விலை இல்லை. இன்னொன்று, 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றினார்கள், 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். அந்தத் தேதிகளில் தொகை எகிறுவதைப் பார்த்து ஏரியா விலை ஏறிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

கடன்பிரிவு: வங்கியில் வீட்டுக்கடன் பார்க்கிறேன். கிரயத்துக்கு அடுத்து 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' (பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியது) என்று ஒரு பதிவு ஈசியில் இருந்தால் அதைத்தான் முதலில் படிப்பேன். அதில் கடன் தொகை இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக்கடன் 30 லட்சம் வரை சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம். கிரயம் 14 லட்சம், கடன் 24 லட்சம் என்றால் வங்கி மதிப்பீட்டாளர் பார்த்த மதிப்பு குறைந்தது 26 லட்சத்துக்கு மேல். வீடு கட்டவும் சேர்த்து வாங்கிய கடனா என்று மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள், அப்படி இருந்தால் இந்தக் கணக்கு மனை விலைக்குப் பொருந்தாது.

ஏலச் சொத்துகளுக்குப் பொதுத்துறை வங்கிகளின் பேங்க்நெட் தளம் இருக்கிறது, குறைந்தபட்ச விலை போட்டிருக்கும். புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.

மனைதேடி: அருமைங்க, இப்படி யோசிக்கவே இல்லை. ஸ்கிரிப்ட் எழுதி எல்லாப் புல எண்ணுக்கும் மொத்தமாக எடுத்துவிடலாமா?

பத்திரக்கட்டு: வேண்டாம் சார். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரெல்லாம் அதில் இருக்கிறது, அதை மொத்தமாகச் சேர்த்து வைப்பது சரியில்லை. நீங்கள் பார்ப்பது நாலைந்து மனைப்பிரிவுதானே? கடைசி இரண்டு வருடக் கிரயங்களை மட்டும் கையால் எடுங்கள். பெயரை விட்டுவிட்டு தேதி, பரப்பு, தொகை, கடன் மட்டும் எக்செலில் ஏற்றினால் போதும். ரோட்டு மேல் மனையையும் உள்ளே இருப்பதையும் தனித்தனியாக வையுங்கள், எல்லை விவரத்தில் எந்தப் பக்கம் எத்தனை அடி ரோடு என்று எழுதியிருக்கும்.