இன்ஜின் வேலை முடிந்தும் ஆயில் பிரஷர் ஏறவில்லை, சம்பை (அடியில் ஆயில் நிற்கும் தொட்டியை) இறக்கணுமா?

அண்ணன்மாருக்கு வணக்கம். கம்பத்திலிருந்து எழுதுகிறேன். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் மஹிந்திரா டிஐ ஜீப். கிராங்க் தேய்த்து, புது பேரிங், பிஸ்டன் எல்லாம் போட்டு இன்ஜினை வண்டியில் ஏற்றியாச்சு. ஆயில் பம்ப் மட்டும் பழையது. பல் நன்றாக இருக்கிறது என்று கழுவி அதையே மாட்டினார்கள்.

ஃபில்டரில் ஆயில் நிரப்பித்தான் மாட்டினோம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மோட்டார் சூடேறாமல் விட்டு விட்டு செல்ஃப் அடித்தோம். ஆயில் பிரஷர் மீட்டர் முள் அசையவே இல்லை. மீட்டர்தான் பொய் சொல்லுதோ என்று பிளாக்கில் மீட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு அடித்தால், துளையில் ஒரு சொட்டு வரவில்லை. விரல் விட்டுப் பார்த்தேன், பழைய பிசுக்கு மட்டும்தான்.

மெக்கானிக் "ஸ்டார்ட் பண்ணுங்க, தானா ஏறிடும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. காய்ந்து ஓடினால் முதலில் போவது புது பேரிங்தானே?

பம்ப் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. மாட்டும்போதே பல் இடுக்கில் வாஸ்லின் அடைத்திருந்தால் ஆயிலை இழுத்திருக்கும். இப்போது மீட்டர் துளை வழியாக ஆயிலை அழுத்தி ஏற்றினால் பம்ப் வரை போகுமா, நடுவில் ஏதாவது வால்வு தடுக்குமா? இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு கம்ப்ரஷன் இல்லாமல் வேகமாகச் சுற்றவிடலாமா? சம்பை இறக்கித்தான் ஆகணும் என்றால், பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்ஷன் பைப்பின் பேக்கிங், அதிகப் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு, இதில் எதை முதலில் பார்ப்பது?

இந்த இன்ஜினில் கைவைத்தவர்கள் சொல்லுங்கள். குமுளி, கம்பம் பக்கம் இருப்பவர்கள் நேரில் வந்தாலும் சரி, டீ என் செலவு.