9 மணிக்குள் பெயர் சொல்லுங்கள்

செல்வம் மாமா (6:12): 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க இன்று இரவு 9 மணியோடு முடிகிறது. நம் வீட்டிலிருந்து இதுவரை ஏழு பேர். சட்டை அளவும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தீபக்: எம்

மீனா சித்தி: போன முறை எம் என்று வந்தது எனக்கு முழங்கால் வரை இருந்தது. இந்த முறை எஸ்.

கவிதா: மாமா, என் பெயரை எடுத்துவிடுங்கள்.

செல்வம் மாமா: ஏன்மா? இன்னும் 11 வாரம் இருக்கிறதே.

முரளி: எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னாரே?

கவிதா: சொன்னார். மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார். எனக்குத்தான் ஓடத் தோன்றவில்லை.

ராஜம் அத்தை: நான் அப்போதே சொன்னேன். ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்.

முரளி: அத்தை, அவளுக்கு முட்டியில் இல்லை. கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் விரிசல்.

ராஜம் அத்தை: எல்லாம் ஒரே கால்தானே

ரேவதி: அத்தை, முட்டி தேய்வதைப் பற்றி 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடம்புக்காக ஓடுகிறவர்களில் 100க்கு மூன்று நான்கு பேருக்குத்தான் இடுப்பு, முட்டித் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் சுமார் 10 பேருக்கு. போட்டிக்கென்றே கடுமையாக ஓடுகிறவர்கள் கணக்கு வேறு.

ராஜம் அத்தை: சரி சரி. எனக்கு எல்.

தீபக்: கவி அத்தை, ஜோன் பெனாய்ட் தெரியுமா? 1984 ஏப்ரலில் முட்டியில் ஆபரேஷன். 17 நாளில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில் முதலிடம். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில், ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று நடந்த முதல் மாரத்தானில் தங்கம். 2:24:52!! 🔥🔥

முரளி: 👏 அந்த மனசு வேண்டும்

கவிதா: அண்ணா, போன முறை 18 கி.மீ. ஓடிய அன்று கால் வலிக்கிறது என்று சொன்னேன். "எல்லாருக்கும்தான் வலிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு வா" என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

மீனா சித்தி: அதை இப்போது ஏன்

கவிதா: மாமா ஏன் என்று கேட்டார், சொல்கிறேன்.

ரேவதி: தீபக், அந்தக் கதை உண்மை. ஆனால் கவிக்குப் பொருந்தாது. பெனாய்டுக்கு முட்டிக்குள் தடித்துப்போன ஒரு சவ்வு மடிப்பை எடுத்தார்கள். எடுத்ததும் தடை போய்விட்டது. கவிக்கு எலும்பில். ஓடும்போது எலும்பில் பழைய பகுதியை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அரிப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். நடுவில் ஓய்வு தராமல் தூரத்தைக் கூட்டினால் விரிசல்தான். மனசு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்தச் செல்கள் வேகமாக வேலை செய்யாது. ஆனால் பெனாய்ட் ஓட முடியாத அந்த நாட்களில் சைக்கிள் பெடலைக் கையால் சுற்றிப் பயிற்சி செய்தார். கவி எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

செல்வம் மாமா: உடற்பயிற்சி சைக்கிள் நம்மிடமே ஒன்று இருக்கிறதே

மீனா சித்தி: எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

ராஜம் அத்தை: அண்ணனுக்கு என்று வாங்கியது. மூன்று மாதத்துக்கு என்று சொல்லி எடுத்துப் போனீர்கள்.

மீனா சித்தி: யாரும் கேட்கவில்லை, கொடுக்கவில்லை. இப்போது கேட்டால் இப்போதே தருகிறேன்.

தீபக்: அதில் துணி காயப்போட்டிருப்பதைப் பார்த்தேன் 😄

மீனா சித்தி: துணி எடுத்துவிடலாம்.

கவிதா: சைக்கிள் வேண்டாம் சித்தி. அது இல்லாததால் இல்லை.

ரேவதி: பிறகு என்ன கவி? எழுது.

கவிதா: முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். நம்பி இன்னும் இரண்டு வாரம் ஓடினேன். எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் தெரிந்தது. இப்போது சரியாகிவிட்டது என்கிறார்கள். அதே மாதிரி ஏமாந்துவிடுவேனோ என்று பயம். இன்னும் காலை 5 மணிக்கு விழிப்பு வருகிறது. எழுந்து என்ன செய்வது என்று படுத்தே இருக்கிறேன். இத்தனை வருடம் ஓடுகிறவள் என்றே என்னை நினைத்திருந்தேன். வாட்சில் பழைய வேகத்தைப் பார்த்தால் அழுகை வருகிறது.

செல்வம் மாமா: 🙏

முரளி: இதை நீ சொல்லவே இல்லையே

ரேவதி: கவி, ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போவது சகஜம். உன் தப்பு இல்லை. ஆசை வந்த பிறகு ஓடலாம் என்று காத்திருக்காதே, என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தானாக வருவதில்லை. 5 மணிக்கு எழுந்து ஷூவைக் கட்டிக்கொண்டு வெளியே போ. நடந்தால் போதும். வாட்சைக் கழற்றி வை. 30 நிமிடம் வலியில்லாமல் நடக்கிறாயா?

கவிதா: நடக்கிறேன். ஒரு வாரமாக.

ரேவதி: அப்படியென்றால் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. எட்டு தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். தூரம் பார்க்காதே, நேரம் மட்டும். நடுநாளில் சைக்கிள். குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை விடாதே. மறுநாள் காலையில் அந்த எலும்பை விரலால் அழுத்திப் பார். வலிக்கவில்லை என்றால் அடுத்த படி.

மீனா சித்தி: எனக்குக் குதிகால் நரம்பு இழுத்தபோது 10க்கு மூன்று வரை வலி இருந்தால் ஓடலாம் என்றார்கள்

ரேவதி: அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் சித்தி, அங்கே கொஞ்சம் வலியைப் பொறுக்கலாம். எலும்பில் கூடாது. சுள்ளென்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது, வலி சொல்வது காதில் விழாது. அப்புறம் கவி, வயிறாரச் சாப்பிடு. ஓடவில்லையே என்று சாப்பாட்டைக் குறைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

கவிதா: கொஞ்சம் குறைத்தேன்.

ராஜம் அத்தை: பார்த்தாயா

முரளி: கவி, அன்று நான் நின்றிருக்க வேண்டும். உன்னையும் நிறுத்தியிருக்க வேண்டும். நேரக் கணக்கிலேயே இருந்தேன்.

முரளி: நாளைக்கு நானும் வருகிறேன். நீ நடக்கும்போது நடக்கிறேன்.

கவிதா: நீ ஒரு நிமிடத்தில் நிற்பாயா?

முரளி: நிற்பேன்.

தீபக்: அப்பா நிற்பதை நான் பார்க்க வேண்டும், நானும் வருகிறேன்

செல்வம் மாமா (8:41): அம்மா கவிதா, 5 கி.மீ. நடையும் உண்டு. அதில் போடட்டுமா? 10ஆ?

ரேவதி: 10 வேண்டாம் மாமா. நடையில் போடுங்கள்.

கவிதா: நாளை காலை பார்த்துவிட்டுச் சொல்லலாமா?

செல்வம் மாமா: 9 மணிக்கு முடிந்துவிடுமே

செல்வம் மாமா (8:57): நடையில் போட்டுவிட்டேன். மாற்ற வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம். சட்டை?

கவிதா: எஸ். அண்ணா, 5:15. தாமதமானால் நான் போய்விடுவேன்.

முரளி: வாசலில் நிற்பேன்

மீனா சித்தி: அந்தச் சைக்கிளை யார் எடுக்க வருகிறீர்கள்? சனிக்கிழமை நாங்கள் இருக்க மாட்டோம்.