பைட்டுக்குத் தமிழில் என்ன சொல்?

ஆசிரியை, சுங்கை சிப்புட்:
வணக்கம். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கணினி வகுப்பு. பாடத்தாள் நாளை அச்சுக்குப் போகவேண்டும். வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் லைன் போட்டவர், 100 எம்பி காணொளி ஒரே நொடியில் இறங்கும் என்று நம்புகிறார். இறங்காவிட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். லைன் வேகம் பிட்டில் (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்), கோப்பின் அளவு பைட்டில் (எம்பி என்றால் மெகாபைட்). எட்டுப் பிட் ஒரு பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் லைன் எவ்வளவு நன்றாக ஓடினாலும் 8 நொடியாவது ஆகும். பிட், பைட் இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. தனித்தனியாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈப்போ:
பிட் நுண்மி, பைட் எண்ணுண்மி. எட்டு புணர்ச்சியில் 'எண்' ஆகும். வள்ளுவர் 'எண்குணத்தான்' என்கிறாரே! கணக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நிரலர், கிள்ளான்:
ஐயா, கோவிட் காலத்தில் வைரஸைத் 'தீநுண்மி' என்று எழுதி எழுதி, நுண்மி என்றாலே கிருமி என்றாகிவிட்டது. 'எண்' என்றால் பிள்ளைகளுக்கு இலக்கம்தான் தோன்றும், எட்டு தோன்றாது. பிட், பைட் என்றே விடுங்கள். கைப்பேசித் திரையில் அதுதானே வருகிறது?

தமிழாசிரியர், தைப்பிங்:
நெல் அளக்கும் குறுணி இருக்கப் புதுச்சொல் எதற்கு? எட்டு நாழி ஒரு குறுணி. பிட் நாழி, பைட் குறுணி. இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி. இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி. பதக்கு 16 பிட், தூணி 32 பிட்! கணினி இரட்டிப்பதுபோலவே நம் முன்னோர் நெல் அளந்திருக்கிறார்கள். மதுரை முக்குறுணிப் பிள்ளையாருக்குச் சதுர்த்தியன்று மூன்று குறுணி அரிசியில் கொழுக்கட்டை படைக்கிறார்கள். சொல் இன்னும் சாகவில்லை.

நிரலர், கிள்ளான்:
மூன்று தூணி ஒரு கலம். இரட்டிப்பு அங்கே அறுந்துவிடுகிறது. நாழிக்கு நாழிகை என்ற பொருளும் உண்டு. 'நொடிக்கு நூறு மெகாநாழி' என்றால் நேரத்தை நேரத்தால் வகுப்பதுபோல் ஆகும். அதைவிட, தாளில் 1000, 1024 குழப்பத்தைத் தீர்த்து வையுங்கள். ஒரு டெராபைட் வட்டை விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்று காட்டும். வட்டு செய்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 1024 கணக்குக்கென்றே 1998-இல் கிபிபைட், மெபிபைட் என்று தனிப்பெயர் வந்தும் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

ஆசிரியை, சுங்கை சிப்புட்:
சரி ஐயா, மணி பதினொன்றாகிவிட்டது. தாளில் பிட், பைட் என்றே போடுகிறேன். பைட் வரும் முதல் இடத்தில் 'எட்டுப் பிட்' என்று சேர்த்துவிடுகிறேன். பயிற்சிக்கு 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்திருக்கிறேன். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 15. அதை எட்டால் பெருக்கிப் பிட் கண்டுபிடிக்கவேண்டும்.

தமிழாசிரியர், தைப்பிங்:
பெரும்பான்மை அப்படியென்றால் அச்சிடுங்கள். ஆனால் 120 நாழி, 15 குறுணி என்று கரும்பலகையில் ஒருமுறையாவது எழுதிக் காட்டுங்கள் அம்மா. நாங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குக் குறுணியை வேறு யார் சொல்வார்கள்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈப்போ:
எண்ணுண்மியை நான் விடுவதாக இல்லை.