‘எளிதில் தோணும்’னு பேட்டன்ட்டை மறுத்தா, நிரூபிக்கற சுமை யாருக்குங்க?

பீளமேட்டுல இருந்து:
பம்ப், கிரைண்டர் பட்டறை விண்ணப்பங்க அடிபடறது, கண்டுபிடிப்பு எளிதில் தோணாததா இருக்கணும்னு சொல்ற பேட்டன்ட் சட்டப் பிரிவு 2(1)(ஜேஏ)லதாங்க. ‘டி1, டி2 சேர்த்தா துறை தெரிஞ்சவங்களுக்குத் தானாத் தோணும்’னு ஒரே வரியில மறுத்திருப்பாங்க. டி1, டி2ன்னா ஆபீஸ் எடுத்துக்காட்டற பழைய ஆவணங்க. அது பத்தாதுங்க. பழைய ஆவணத்துல என்ன இருக்கு, நம்ம விண்ணப்பத்துல என்ன இருக்கு, அதுலிருந்து இது எப்படித் தோணும்னு மூணையும் கன்ட்ரோலர் (பேட்டன்ட் ஆபீஸ் அதிகாரி) எழுதணும்னு அக்ரிபோர்டு வழக்குல டெல்லி ஐகோர்ட் 2022-லயே சொல்லிருச்சு. முதல் சுமை ஆபீஸ் பக்கந்தான். காரணத்தோட எழுதிட்டா, பதில் சொல்ற சுமை நம்மளுது.

கணபதியில இருந்து:
அண்ணா சொல்றது சரிங்க. ஆனா அந்தப் பதிலை அப்பீலுக்குன்னு எடுத்து வச்சா வழக்கு கெட்டுப்போகும். போர்வெல் மோட்டார்ல தண்டு மேல வர்ற அழுத்தத்தைத் தாங்கற த்ரஸ்ட் பேரிங்கையே வச்சுக்கங்க. கார்பன் தட்டுல காடி (சின்னப் பள்ளக் கோடு) வெட்டி மணலை வெளியே தள்றது நம்ம அமைப்பு. டி1, காடியில்லாம தண்ணியில ஓடற பேரிங். டி2, ஆயில் கியர்பாக்ஸ்ல காடி வெட்டின தட்டு. பார்த்தா பொருந்தற மாதிரிதான் இருக்கும். டி2-ல காடி ஆயிலை உள்ளே இழுக்குதுங்க. அதையே டி1-ல வெட்டினா மணல் கார்பனுக்கும் அதுக்கு எதிர்ல உரசற செக்மென்ட் துண்டுகளுக்கும் நடுவுல புகுந்து தட்டைத் தின்னுரும். டி2-ல எந்தப் பத்தி, எந்தப் படம்னு குறிச்சு இதை எழுதணும். ‘எங்களுது வேற’ன்னு சொல்றது பதிலே ஆகாது.

காடி வச்ச தட்டு ஒண்ணு, வைக்காதது ஒண்ணு. ஒரே லோடு, ஒரே மணல், ஒரே மணிநேரம் ஓட்டி, தேய்மானத்தை மைக்ரான்ல எடுத்து பிரிவு 79 படி அபிடவிட்டாக் குடுங்க. பலபேர் கோட்டை விடறது க்ளெய்ம்ல, அதாவது எதுக்கு உரிமை கேக்கறோம்னு எழுதற பகுதியில: ‘காடி உண்டு’ன்னு மட்டும் இருக்கும், அது வெளியே தள்ற திசை இருக்காது. க்ளெய்ம்ல இல்லாத திசையை வச்சு வாதாடினா நிக்காதுங்க. கண்டுபிடிப்பை விளக்கற விவரக்குறிப்புல திசை இருந்தா பிரிவு 59-ல க்ளெய்மைக் குறுக்கிக்கலாம். இல்லாததைப் புதுசாச் சேர்க்க வழியில்லை.

ஈரோட்டுல இருந்து:
நாள் கணக்கு முக்கியமுங்க. எஃப்.இ.ஆருக்கு (ஆபீஸோட முதல் பரிசோதனை அறிக்கை) பதில் குடுக்க 6 மாசம், ஹியரிங் முடிஞ்சு எழுத்து வாதத்துக்கு 15 நாள். பிரிவு 117ஏ அப்பீலுக்கு 3 மாசம், உத்தரவு தேதியிலிருந்தே ஓடும்; நாம பார்த்த நாள்லிருந்து இல்லைங்க. 2021-ல ஐபிஏபி (அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம்) போனதுக்கப்புறம் சென்னை ஆபீஸ் உத்தரவுக்கு மெட்ராஸ் ஐகோர்ட்தான். காரணமில்லாத உத்தரவை ரத்து பண்ணி வேற அதிகாரிகிட்டத் திருப்பி அனுப்பறதுதான் அடிக்கடி நடக்கும். அதனால மனுவுல பேட்டன்ட் வேணும்னும், இல்லைன்னா வேற அதிகாரி குறிப்பிட்ட காலத்துக்குள்ள மறுபடி விசாரிக்கணும்னும் ரெண்டையும் கேட்டு வைங்க.