வாளியில் வந்த யூ போடோ

மலேசியாவில் பந்திங் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவன் நான். செம்பனைக்கு நடுவே இருந்தாலும் மோரிப் கடற்கரைக்கு மோட்டாரில் அரை மணி நேரம்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி இறாலைக் கோத்துத் தூண்டில் போட்டேன். கனத்தது. ஆனால் ஒரு துள்ளலும் இல்லை. நனைந்த கோணி இழுபட்டு வருகிறதே என்றுதான் நினைத்தேன். டார்ச் அடித்தால், பழுப்பு நிறத்தில் இரண்டடிச் சுறா! மூக்கருகே மீசை மாதிரி இரண்டு தொங்கல். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெரியவர், "யூ போடோ" என்று சிரித்தார். யூ என்றால் சுறா, போடோ என்றால் முட்டாள்.

அம்மாவுக்குச் சுறாப் புட்டு என்றால் உயிர். காலி வாளியில் போட்டு, ஈரச் சாக்கால் மூடிக் கிளம்பினேன். வழியில் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வேறு. வீடு சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அம்மா கத்தியோடு வந்து சாக்கை விலக்கினார். செவுள் மெல்லத் திறந்து மூடியது.

"ஐயோ, உசிரு இருக்குடா! நான் வெட்ட மாட்டேன். கொண்டுபோய் விட்டுட்டு வா."

நடுராத்திரியில் தோட்டத்து கேட்டில் ஜாகா (காவலாளி) வாளியைக் காட்டி என்னவென்று கேட்டார். சுறா என்றேன். எட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினார். முட்டியளவு தண்ணீரில் இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது, அப்புறம் வாலை ஒரு ஆட்டு ஆட்டிக் காணாமல் போனது.

வாசகர் கருத்துகள்:

— தம்பி, அது மூங்கில் சுறா. கடலடித் தரையில் படுத்தபடியே தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சு விடும். மற்ற பல சுறாக்கள் மாதிரி நீந்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இரவில்தான் நண்டு, இறால் தேடும். அதில் ஒரு வகை தண்ணீருக்கு வெளியே 12 மணி நேரம்வரை தாங்கும். குட்டிகளுக்கு உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை இருக்கும், வளர வளர மங்கிவிடும்.

— முட்டையிடும் இனம்தானே அது? தஞ்சோங் சிப்பாட் கடற்கரையில் என் மகள் பழுப்பு நிறத்தில் தோல் பர்ஸ் மாதிரி ஒன்றை எடுத்து வந்தாள். உள்ளங்கை நீளம், ஓரத்தில் நார். டயர்த் துண்டு என்று தூக்கிப் போட்டுவிட்டேன். சுறா முட்டையின் காலிக் கூடு என்று பிறகுதான் தெரிந்தது. இன்றுவரை திட்டுகிறாள்.

— அண்ணே, 12 மணி நேரமா? அதை விடக் கடலுக்குத் திரும்பிப் போகும்போது மூன்று சிவப்பு விளக்கைத் தாண்டினேனே!