விடிய விடியக் கூத்து: எழுத்தில் கிடைத்த அனுமதி நகல் தேவை

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாக்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை தளர்த்தலாம், அதுவும் நள்ளிரவு 12 வரைதான். தெருக்கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வரவே பத்தைத் தாண்டும். அர்ச்சுனன் தவம் செய்யத் தபசு மரம் ஏறும்போது கிழக்கு வெளுத்திருக்கும்! மைக்கை அணைத்துவிட்டு ஆடலாமே என்பார்கள். ஆனால் 2010 திருத்தத்தில் இந்தத் தடையில் இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். மத்தளமும், ஊதுகருவியான முகவீணையும்கூடச் சிக்கும்.

விதியைத் திருத்தக் கோரும் மனுவுக்கு உதவுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் பாரதக் கூத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கியவர்கள் நகல் அனுப்பவும். தேதி, நேரம், நிபந்தனை, கையெழுத்திட்டவர் பதவி தெரிய வேண்டும். பெயர், செல் நம்பரை மறைத்துவிடுங்கள். ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொன்னது மனுவில் நிற்காது. மறுப்புக் கடிதம் இருந்தால் இன்னும் நல்லது.